ஹீமோபிலியா பையனுக்குத் தலையில் அடி: காலை வரை பார்க்கலாமா?

காலை வரை காத்திருக்காதீங்க சகோதரி, இப்பவே கிளம்புங்க. முதலில் ஃபேக்டர் (ரத்தத்தை உறைய வைக்கும் புரத ஊசி), அப்புறம்தான் ஸ்கேன்.

நேற்று மாடிப்படியில் விழுந்தான், வீக்கம் இல்லை, இன்றைக்குத் தலைவலி, இரண்டு முறை வாந்தி என்று எழுதியிருக்கீங்க. கடுமையான ஹீமோபிலியா ஏ (ஃபேக்டர் 8 குறைவால் ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள பிள்ளைக்கு அது மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிவதாக இருக்கலாம். வெளியே புடைப்பு தெரியணும்னு கட்டாயமில்லை. அடிபட்டுச் சில நாள் கழித்தும் அறிகுறி வரும்.

வீட்டில் ஃபேக்டர் 8 இருக்குன்னு சொன்னீங்க. கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் ரத்தத்தில் ஃபேக்டர் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். தலைக்காயத்துக்கு 80 முதல் 100 சதவீதம் வேணும். உங்க 18 கிலோ பையனுக்கு 900 யூனிட் வரை ஆகும். டாக்டரிடம் போனில் அளவை உறுதி பண்ணிக்கிட்டுப் போடுங்க. குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றுங்க.

அவனை எழுப்பி, உங்க விரல்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் தளர்ந்தாலோ, தூக்கம் கலையாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ 108 கூப்பிடுங்க. நன்றாகப் பிடித்தாலும் போகத்தான் வேணும். கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரப் பயணம்தான்.

அவசரப் பிரிவில் முதல் வார்த்தையே "ஹீமோபிலியா, தலையில் அடி" என்று இருக்கட்டும். என் மகனுக்கு ஓர் இடத்தில் ஸ்கேன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, வாந்திக்கு இடுப்பில் ஊசி போட வந்தாங்க. தசையில் ஊசி கூடாது. ரத்தக்குழாய் வழியாகப் போடச் சொல்லிக் கேளுங்க. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டும் வேண்டாம்.

அவனுக்கு இன்ஹிபிட்டர் (போடும் ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, வேறு மருந்து தேவை. பழைய ஃபைலை மறக்காமல் எடுத்துக்கிட்டுப் போங்க.