ஃப்ரீலான்ஸ் கிராபிக் டிசைனர் ஒரு ஆடை நிறுவனத்துக்காகச் சில வாரங்கள் வெளிநாடு சென்று வேலை செய்வதால் பயன் உண்டா?

உங்களுக்கு அழைப்பு வந்துவிட்டது, வீட்டில்தான் தயங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். போய் வாருங்கள். ஆனால் நான் போனதுபோல் விவரம் கேட்காமல் போகாதீர்கள்.

2018இல் பாரிஸில் ஒரு பெண்கள் ஆடை நிறுவனத்துக்காக ஆறு வாரம் வேலை செய்தேன். புதுச்சேரிக்காரி என்றதும், "குடியுரிமை இருந்திருக்கும், போயிருப்பாள்" என்று எழுத ஒருவராவது வருவார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடையாது. அப்பா நெல்லித்தோப்பில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தவர். நான் படித்தது தமிழ் வழியில், அரசுப் பள்ளியில். என் வேலையைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். வேலை அனுமதிக்கும் அவர்களே விண்ணப்பித்தார்கள். அதை நீங்களும் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவான ஷெங்கனில் 180 நாட்களில் 90 நாட்கள் என்ற கணக்கு தங்குவதற்குத்தான். வேலை செய்வதற்கான அனுமதி வேறு.

போன மூன்றாம் நாளே தலைகுனிந்து நின்றேன். ஊரிலேயே வரைந்து எடுத்துப்போன பூ வடிவம், 50 செ.மீ. ரிப்பீட் (வடிவம் மீண்டும் மீண்டும் வரும் அளவு), பதினான்கு நிறங்கள். துணி ஆலையிலிருந்து வந்திருந்த பெரியவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். துணியில் உருண்டு அச்சடிக்கும் அவர்களுடைய உருளை ஸ்கிரீனின் சுற்றளவு 64 செ.மீ. உருளை ஒரு சுற்று முடிக்கும் இடத்தில் வடிவமும் முடிந்தாக வேண்டும். 64, 32, 16 என்று மீதியில்லாமல் அடங்கும் அளவுதான் செல்லும், ஐம்பது அடங்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை வேண்டும். அவர்கள் கணக்குப் போட்டிருந்ததோ ஆறு உருளைக்கு. நிறங்களையும் காகிதத்துக்கான பான்டோன் அட்டையை, அதாவது எண்ணிட்ட நிற மாதிரிகளைப் பார்த்துக் குறித்திருந்தேன். துணிக்கென்று பருத்தித் துண்டுகளாகவே தனி வரிசை இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

அன்றிரவு பாரிஸின் லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடை ஒன்றில் சாப்பிட்டுவிட்டு அப்பாவை அழைத்தேன். ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆறு நிறம் தாராளம் அம்மா. வெளிர் நிறத்தை அகலமாக அடி. அடர் நிறத்தை அதன் விளிம்பில் ஏற்று. ஏறிய இடத்தில் மூன்றாவது நிறம் தானாக வரும், நடுவில் வெள்ளைக் கோடும் தெரியாது" என்றார்.

சிறுவயதில் அவர் அச்சடித்துத் தரும் துணிப்பைகளைக் கொடியில் உலர்த்தும்போது தினமும் கண்ணால் கண்ட வேலை அது. கணினி முன் உட்கார்ந்த பத்து ஆண்டுகளில் எப்படியோ மறந்திருந்தேன். நான்கு நாளில் எல்லாவற்றையும் திருத்தி வரைந்தேன். மாதிரித் துணி வந்ததும் பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எங்கே கற்றாய் என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"டிஜிட்டல் அச்சு வந்த காலத்தில் உருளை எதற்கு" என்று கேட்பீர்கள். டிஜிட்டலில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லைதான். ஆயிரக்கணக்கான மீட்டர் அடிக்கும்போது உருளைதான் மலிவு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே எல்லோரும் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டது பிரெஞ்சுக்காரர் தெருக்களின் மஞ்சள் சுவர்களைத்தான். இங்கே வார இறுதியில் கார் நிறுத்த இடமின்றிக் குவிகிறவர்களுக்கும் அதுதான் புதுச்சேரி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில், தூண் வைத்த திண்ணை வீடுகள் எத்தனை இடிபட்டுவிட்டன! பள்ளிக்கு நடந்துபோகும்போது நான் உட்கார்ந்த திண்ணைகள் அவை. அந்த இடத்தில் இப்போது கண்ணாடி முகப்புக் கடைகள் நிற்கின்றன. கேட்பாரில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அச்சு எந்த முறை, ரிப்பீட் என்ன அளவு, எத்தனை நிறம், எந்த நிற அட்டை என்று பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். உங்கள் வடிவத்தை அந்த அளவுக்குப் பொருத்திப் பார்க்க நான் உதவுகிறேன்.