வேப்பிலை இருக்கட்டும், முதலில் குடிக்க வையுங்கள்

கேள்வி: என் இரண்டு வயது மகனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். இப்போது உள்ளங்கை, பாதம், பிட்டத்தில் கொப்புளம். வாயெல்லாம் புண், ஜொள்ளு வடிகிறது, சோற்றைப் பார்த்தாலே அழுகிறான். மாமியார் ‘அம்மை போட்டிருக்கு, மருந்து கொடுக்காதே’ என்கிறார். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா? மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது சின்னம்மை மாதிரி இல்லை, கை, கால், வாய் நோய் என்றுதான் தோன்றுகிறது. சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கி உடம்பெங்கும் முத்து முத்தாகப் பரவும், நன்றாக அரிக்கும். இதில் கொப்புளம் உள்ளங்கையிலும் பாதத்திலும் சற்று நீள்வட்டமாக, நடுவில் சாம்பல் நிறத்தில் இருக்கும். இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவார், ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது.

காக்சாக்கி போன்ற வைரஸ்களால் வருவது இது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். டாக்டர் சொல்லாமல் அந்த சிரப்பைக் கொடுக்காதீர்கள். ஏழிலிருந்து பத்து நாளில் தானாகவே சரியாகிவிடும்.

எனக்குக் கவலை கொப்புளத்தைப் பற்றி இல்லை, வாய்ப்புண்ணைப் பற்றித்தான். வலிக்குப் பயந்து குழந்தை தண்ணீர்கூட குடிக்காது. உடம்பில் நீர் வற்றிப்போகும். பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஊட்டிப் பாருங்கள், விழுங்குவான். பாட்டிலில் அளவைப் படித்துவிட்டுக் கொடுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை விற்கிறது. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் போதும்: 250 வகையில் 3 மில்லி, 120 வகையில் 6 மில்லி. ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. வாயை மரத்துப்போக வைக்கும் ஜெல்லையும் நீங்களாகத் தடவாதீர்கள்.

மோர், இளநீர், ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்சாதம் எல்லாம் கொடுக்கலாம். ஒவ்வொரு ஸ்பூனாக, அடிக்கடி. ஐஸ்கிரீம் கேட்டாலும் கொடுங்கள். சளி பிடிக்கும் என்று வீட்டில் தடுப்பார்கள், ஆனால் வாய்ப்புண்ணுக்குக் குளிர்ச்சி இதமாக இருக்கும். எலுமிச்சை, சாத்துக்குடி ஜூஸ், காரம், சூடு வேண்டாம். மாமியார் வேப்பிலையை வாசலில் கட்டட்டும், மனசுக்கு ஆறுதல். கொப்புளத்தில் மட்டும் எதையும் அரைத்துப் பூச வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் குளிக்க வைக்கலாம்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், ஓயாத வாந்தி, தூக்கத்தில் அடிக்கடி தூக்கிப்போடுவது, தள்ளாட்டம், மூச்சிரைப்பு, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது - இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள்.

மூத்தவளுக்குக் காய்ச்சல், புண் எதுவும் இல்லையென்றால் பள்ளிக்குப் போகட்டும். சின்னவன் காய்ச்சல் விட்டு, கொப்புளம் காயும்வரை வீட்டில் இருக்கட்டும். மலத்தில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறும். அதனால் குழந்தைக்கு மலம் கழுவிவிட்ட பிறகு உங்கள் கையைச் சோப்பு போட்டே கழுவுங்கள், சானிடைசர் மட்டும் போதாது. தம்ளர், துண்டு தனியாக இருக்கட்டும்.

அப்புறம், சில வாரம் கழித்து நகம் உரிந்து விழுந்தால் பதற வேண்டாம். சில குழந்தைகளுக்கு அப்படி ஆகும், புது நகம் முளைத்துவிடும்.