வேகமாக இழுத்தால் இரும்பு கூடுதலாகத் தாங்குமா? – கேள்வி பதில்

கேள்வி: ஒரே கம்பியை மெதுவாக இழுத்தால் ஒரு வலிமை, வேகமாக இழுத்தால் வேறு வலிமை என்கிறார்கள். பொருள் ஒன்றுதானே சார்?

பதில்: பொருள் ஒன்றுதான், அதற்குக் கொடுக்கும் நேரம்தான் வேறு. உலோகம் நிரந்தரமாக நீள்வது, அதன் அணு அடுக்குகளில் உள்ள டிஸ்லொகேஷன்கள் (அடுக்கு பிசகிய கோடுகள்) நகர்வதால். வழியில் தடை வந்தால், அணுக்களின் வெப்ப அதிர்வே அவற்றைத் தாண்டிவிட உதவும். ஆனால் அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். வேகமாக இழுக்கும்போது அந்த நேரம் கிடைக்காது. மிச்சத்தையும் விசையே செய்தாக வேண்டும். அதனால்தான் ஈல்டு ஸ்ட்ரெஸ், அதாவது உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, ஏறுகிறது.

கேள்வி: எவ்வளவு ஏறும்?

பதில்: மைல்டு ஸ்டீலில் (கார்பன் குறைந்த சாதாரண எஃகு) நன்றாகவே ஏறும். மோதல் கணக்குகளில் பரவலாகப் பயன்படும் கௌப்பர்-சைமண்ட்ஸ் சூத்திரப்படி, ஸ்ட்ரெய்ன் ரேட் (நீளம் தன் அளவில் எத்தனை மடங்கு மாறுகிறது என்ற வேகம்) நொடிக்கு சுமார் 40 ஆனால் ஈல்டு இரட்டிப்பாகும். அதில் நூறில் ஒரு பங்கு வேகத்திலேயே 40 சதவீதம் கூடிவிடும். ஆனால் அல்டிமேட் ஸ்ட்ரெங்த் (உலோகம் தாங்கும் உச்ச வலிமை) இந்த அளவுக்கு ஏறாது. அலுமினிய உலோகக் கலவைகள் பலவும் வேகத்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

கேள்வி: அப்படியென்றால் திடீர் அடி நல்லதுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். ஈல்டு ஏறுகிறதே தவிர, பிளந்து உடைவதற்கான ஸ்ட்ரெஸ் பெரிதாக ஏறுவதில்லை. குளிரில் ஈல்டு ஏற்கெனவே உயர்ந்திருக்கும். அதன்மேல் வேகமும் சேர்ந்தால், வளையும் முன்பே எஃகு பிளந்துவிடும். வெட்டுக்குறி போட்ட துண்டைச் சுத்தியலால் ஒரே அடியில் உடைக்கும் சார்ப்பி சோதனை இருப்பதே இதைப் பிடிக்கத்தான். மெதுவாக இழுக்கும் சோதனையில் நல்ல பெயர் வாங்கிய எஃகு இதில் கவிழ்வதுண்டு.

கேள்வி: கான்கிரீட் சிலிண்டரை நசுக்கும்போது ஆபரேட்டர் வால்வை வேகமாகத் திறந்துவிடுகிறார். பாதகமில்லையா?

பதில்: பாதகம்தான். அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம் விதிப்படி நொடிக்கு 0.25 மெகாபாஸ்கல் அளவில் ஏற்ற வேண்டும். 30 மெகாபாஸ்கல் சிலிண்டர் உடைய 2 நிமிடம் ஆகும். விரட்டினால், விரிசல்கள் பலவீனமான பாதையைத் தேடிப் பரவ நேரமிருக்காது. எண் கூடுதலாக வரும், கான்கிரீட் மட்டும் அதேதான். அப்படி வந்த ரிப்போர்ட்டை நான் ஏற்கமாட்டேன். மறுபக்கமும் உண்டு: அந்தச் சோதனை வலிமையில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் சுமையை விடாமல் வைத்திருந்தால், கான்கிரீட் நாளடைவில் தானாகவே உடைந்துபோகலாம். மரத்தில் நிலைமை இன்னும் மோசம். பத்தாண்டு தாங்க வேண்டிய சுமைக்கு, சில நிமிடச் சோதனையில் கிடைத்த வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் நம்பலாம்.

கேள்வி: இழுத்தும் நசுக்கியும் சோதிக்கும் எங்கள் யுடிஎம் இயந்திரத்தில் மோதல் வேகத்துக்குச் சோதிக்க முடியுமா?

பதில்: முடியாது. நொடிக்கு 100 முதல் 10,000 வரையிலான ஸ்ட்ரெய்ன் ரேட்டுக்கு ஹாப்கின்சன் பார் வேண்டும்; நீண்ட உலோகத் தண்டுகள் வழியாக அதிர்ச்சி அலையை அனுப்பிச் சோதிக்கும் கருவி அது.