பில்டர் திவாலாகிவிட்டார், ரெரா உத்தரவு கையில் இருக்கிறது: இனி என்ன?

கேள்வி (சுருக்கம்): நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. 2017-ல் சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் வீடு பதிவு செய்தேன். என் பணிக்கொடையும் மகன் பெயரில் வாங்கிய வங்கிக் கடனுமாக 41 லட்சம் ரூபாய் கட்டியிருக்கிறோம். மனையில் எனக்குரிய பிரிபடாத பாகத்துக்கு 2018-லேயே கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது. கட்டடமோ மூன்றாவது மாடியோடு பூச்சுகூட இல்லாமல் நிற்கிறது. பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லி ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) 2022-ல் உத்தரவு வாங்கினேன். ஒரு பைசாவும் வரவில்லை. 58 நாள்களுக்கு முன் நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது. உத்தரவு இருப்பதால் நான் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை என்கிறார்கள். பழைய இயக்குநர் போன் செய்து, "மனு எதுவும் போடாதீர்கள் அம்மா, உங்களுக்கு மட்டும் வேறு இடத்தில் ஒரு மனை எழுதித் தருகிறேன்" என்கிறார். அவரோ புதுக் காரில் போகிறார். அவர் மீது மோசடி வழக்குப் போடலாமா? மகன் இனி தவணை கட்டமாட்டேன் என்கிறான்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். 58 நாள்கள் ஓடிவிட்டன, நீங்கள் இன்னும் உரிமைகோரல் தாக்கல் செய்யவில்லை. காரைப் பற்றியும், அவர் உங்களிடம் எப்படியெல்லாம் பேசினார் என்பதைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். ஆனால் திவால் வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அவற்றுக்கு இடமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் இன்னும் கலைக்கப்படவில்லை. இப்போது நடப்பது 2016-ம் ஆண்டின் திவால் சட்டப்படியான தீர்வு நடவடிக்கை. நிறுவனத்தை எடுத்து நடத்த யாராவது முன்வருகிறார்களா என்று பார்க்கும் கட்டம் இது. யாரும் வராவிட்டால், அல்லது வந்த திட்டம் நிராகரிக்கப்பட்டால்தான் கலைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வீடு நிற்கிறது.

ரெரா உத்தரவை நீங்கள் ஒரு கேடயமாக நினைக்கிறீர்கள். திவால் நடவடிக்கை தொடங்கிய அன்றே 14-வது பிரிவின்படி தடைக்காலம் வந்துவிட்டது. அந்த உத்தரவை வைத்து நிறுவனத்திடம் இனி வசூல் செய்ய முடியாது. 2018-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வீடு வாங்கியவர்களும் வங்கியைப் போலவே நிதிக்கடன் கொடுத்தவர்கள். ரெரா உத்தரவு பெற்றவர்களை மற்ற வீட்டுக்காரர்களிடமிருந்து பிரித்து நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. ஆகவே நீங்கள் அவர்களுக்குக் கீழும் இல்லை, மேலும் இல்லை. அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசைக்கான சீட்டுதான் படிவம் சிஏ என்ற உரிமைகோரல் படிவம். இப்போது நிறுவனத்தை நிர்வகிக்கும் தீர்வாளரிடம் அதைக் கொடுக்க வேண்டும்.

பொது அறிவிப்பில் சொன்ன கடைசி நாள் முடிந்துவிட்டது என்று பதற வேண்டாம். நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து 90 நாள்கள் வரை, அல்லது தீர்வுத் திட்டங்களுக்கு அழைப்பு வெளியாகும் நாள் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை தாக்கல் செய்யலாம். உங்களுக்குக் குறைந்தது 32 நாள்கள் இருக்கின்றன. அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுதி, தீர்ப்பாயத்தின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

நிறுவனத்தின் கணக்கில் பெயர் இருந்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கணக்கில் உள்ளவர்களை விட்டுவிடக் கூடாது என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022-ல் சொன்னது உண்மை. ஆனால் அது ஏமாந்துபோனவர்கள் பிடித்துக்கொள்ளும் கடைசிக் கொம்பு. ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால், அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அத்தோடு அற்றுப்போகும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. எந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தும் என்று வழக்காடிப் பார்க்கும் வயது உங்களுக்கு இல்லை. படிவத்தை அனுப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது.

அனுப்பும்போது கட்டிய தொகை முழுவதையும், நடவடிக்கை தொடங்கிய நாள் வரையிலான வட்டியையும் எழுதுங்கள். ரெரா உத்தரவை ஆதாரமாக இணையுங்கள். பிரிபடாத பாகத்தின் கிரயப் பத்திரத்தையும் கட்டுமான ஒப்பந்தத்தையும் சேர்த்தே வையுங்கள். பலர் ஒப்பந்தத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பத்திரத்தை பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். அந்த மனைப் பாகம் உங்கள் சொத்து, நிறுவனத்தின் சொத்து அல்ல என்பதைத் தீர்வாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது முக்கியம். கூடவே ஒரு வில்லங்கச் சான்று எடுங்கள். உங்கள் பத்திரத்துக்கு முன்பே மனை வங்கியில் அடமானமாகி, அது விடுவிக்கப்படாமல் இருந்தால், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இனி அந்தப் போன் அழைப்பு. எனக்குக் கவலை இதில்தான்.

நடவடிக்கை தொடங்கியதும் இயக்குநர் குழுவின் அதிகாரம் முடங்கிவிடுகிறது. நிறுவனத்தின் பெயரில் அவர் இன்று ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. எழுதித் தந்தால் அந்தப் பத்திரம் செல்லாது. மனை அவருடைய மைத்துனர் பெயரில் இருக்கிறது என்பார். அப்படியானால் பத்திரம் செல்லலாம். ஆனால் அதற்கு ஈடாக உங்களிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவர் அந்தத் தாளின் நகலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். இருபது ரூபாய் முத்திரைத்தாள். "எனக்குச் சேர வேண்டிய முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று நான்கே வரி. கீழே அவருடைய கையெழுத்து, தேதியோடு. மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். ஏற்கெனவே வங்கியில் அடமானம். அந்தத் தாளைக் காட்டி அவருடைய உரிமைகோரலைத் தள்ளிவிட்டார்கள். அவருக்கு நான் செய்ய முடிந்தது மிகக் குறைவு. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

நடவடிக்கைக்கு முந்தைய ஓராண்டுக்குள் சிலருக்கு மட்டும் நிறுவனம் சலுகையாகக் கொடுத்த பணத்தையும் சொத்தையுமே தீர்வாளர் திரும்பக் கேட்க முடியும். அப்போது முந்திக்கொண்டு வாங்கியவர்களின் நிலையே இதுவென்றால், இப்போது வாங்க நினைப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அவர் மறுபடி அழைத்தால், எதுவானாலும் தீர்வாளரிடம் பேசுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.

மோசடிப் புகார் கொடுக்கலாம். தடைக்காலம் நிறுவனத்துக்குத்தான், அதை நடத்தியவர்களுக்கு இல்லை. ஆனால் அவர் சிறைக்குப் போனாலும் உங்கள் வீட்டுக்குக் கதவு வராது. படிவத்தை அனுப்பிய பிறகு அதைப் பற்றி யோசிப்போம்.

அடுத்து, தீர்வுத் திட்டத்தின் மீதான வாக்கெடுப்பு. வீடு வாங்கியவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதி இருப்பார். வாக்களித்தவர்களின் பங்கில் பாதிக்கு மேல் எந்தப் பக்கமோ, எல்லாருடைய வாக்கையும் அவர் அந்தப் பக்கமே போடுவார். வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவர்களுக்குக் கணக்கில் இடமில்லை. கடன் கொடுத்தோர் குழுவில் 66 சதவீதம் இருந்தால்தான் திட்டம் நிறைவேறும். பழைய ஆள்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்ற கோபத்தில் திட்டத்தையே தோற்கடிக்கும் வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கலைப்பு வந்தால் அடமானம் வைத்திருக்கும் வங்கி உங்களுக்கு முன்னால் நிற்கும். உங்கள் முறை வரும்போது என்ன மிச்சமிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எனவே வெளிப்படையாகச் சொல்கிறேன். வீட்டைக் கட்டி முடித்துத் தருவதாக, பணபலமும் அனுபவமும் உள்ள ஒருவர் திட்டம் கொடுத்து, சதுர அடிக்குக் கூடுதலாக ஒரு தொகை கேட்டால், தாங்கக்கூடியதாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். ரெரா உத்தரவில் உள்ள வட்டியை மறந்துவிடுங்கள். அது அநியாயம் என்று நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: தவணையை நிறுத்தக் கூடாது. கடன் வாங்கியவர் அவர். தடைக்காலம் அவரைக் காப்பாற்றாது. மூன்று மாதம் தவறினால் வங்கி அதை வாராக்கடன் என்று எழுதி உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். முடியாவிட்டால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பார்த்து, நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருக்கும் உத்தரவைக் காட்டிக் கடனை மறுசீரமைக்கக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு நகலில் வங்கியின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.