சொந்த விமானமா, வாடகையா?

கேள்வி: தோல் வியாபாரி நான். பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பழைய செஸ்னா 172 சின்ன விமானம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, ஃப்ளையிங் கிளப்பிலேயே மணிக்கணக்கு வாடகைக்கு ஓட்டலாமா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் பறப்பீர்கள் தம்பி? அதை முதலில் எழுதிப் பாருங்கள். சின்ன விமானம் பறந்து தேய்வதைவிட, நின்றே கெடுவது அதிகம். பல காலம் விமானம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்துவிட்டு இப்போது காட்பாடியில் ஓய்வாக இருக்கிறேன். ஓடாமல் கிடந்த இன்ஜினைத் திறந்து, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் துருவைப் பார்த்தால் வயிறு எரியும். 50 மணி பறந்தாலும் சரி, பறக்காமலே 4 மாதம் ஆனாலும் சரி, ஆயில் மாற்றச் சொல்கிறது இன்ஜின் தயாரிக்கும் லைகோமிங் நிறுவனம். இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்குப் பொதுவாக 2000 மணி அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. விமானம் நிறுத்தும் ஹேங்கர் கொட்டகைக்கு வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்திரச் சோதனை தனி.

அப்துல்லாபுரம் விமான நிலையம் பக்கத்தில்தானே என்று நினைத்து வாங்காதீர்கள். சின்ன விமானங்களுக்கான ஏவ்கேஸ் எரிபொருளும் லைசென்ஸ் உள்ள இன்ஜினியரும் கிடைக்கும் ஊரில்தான் விமானம் நிற்க வேண்டும்.

மாதம் இரண்டு மூன்று மணிதான் என்றால் வாடகையே போதும். வாங்கியே தீருவேன் என்றால், பறந்த நேரமும் பழுதுபார்த்த விவரமும் எழுதிய லாக்புக் முழுவதையும் உங்கள் இன்ஜினியர் படித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.