மின்னூலில் ஏஐ வசதி: ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: 2014-இல் என் நாவலின் உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது மின்னூலில் ஏஐ சுருக்கம், கேள்வி-பதில், வாசித்துக் காட்டும் வசதி எல்லாம் வந்திருக்கின்றன. கேட்டால் 'ஃபேர் யூஸ்' என்கிறார்கள். தடுக்க முடியுமா?

பதில்: 'ஃபேர் யூஸ்' (அனுமதி வாங்காமலே நியாயமான அளவில் பயன்படுத்துவது) அமெரிக்கச் சட்டத்தின் சொல். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(a) பிரிவு அவ்வளவு அகலமில்லை. சொந்த உபயோகம், ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி, அவ்வளவுதான். வாசகர் தனக்காக ஒரு பத்தியை மொழிபெயர்த்துப் படித்தால் இதில் அடங்கும். வியாபாரமாகச் செய்யும் நிறுவனம் இதே பிரிவுக்குள் நுழைவது கடினம்.

முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள். காலம் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் 19(5) பிரிவின்படி 5 ஆண்டுதான். 2019-லேயே உரிமை உங்களிடம் திரும்பிவிட்டது. பலரிடம் இருப்பது ஒரு பக்கக் கடிதம்தான் என்பதால் இதை அவசியம் பாருங்கள்.

காலம் குறித்திருந்தால் 18(1) பிரிவில் 2012-இல் சேர்த்த விதி உதவும். கையெழுத்திட்டபோது வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகமோ பயன்படுத்தும் முறையோ, பெயர் சொல்லிக் குறிப்பிடாதவரை அந்த உரிமை மாற்றத்தில் சேராது. நூலிடம் கேள்வி கேட்கும் ஏஐ வசதி 2014-இல் சந்தையில் இல்லை. வாசித்துக் காட்டும் வசதிக்கு மட்டும் இந்த வாதம் எடுபடாது: 2009-இல் அமேசானின் கிண்டில் 2 மின்னூல் வாசிப்புக் கருவியிலேயே அது வந்துவிட்டது. அப்போது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததும், நூல்வாரியாக அதை நிறுத்தும் வசதியை அமேசான் உரிமையாளர்களுக்குக் கொடுத்தது. உங்கள் பதிப்பகத்திடமும் அதையே கேளுங்கள்.

சுருக்கத்தில் அளவுதான் பிரச்சினை. கதை இன்னது என்று நாலு வரி சொல்வது மீறல் ஆகாது. அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கித் தந்தால், 2(a) பிரிவு சொல்லும் 'தழுவல்' ஆகிவிடும். நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை அது உங்கள் தனி உரிமை. ஒரு பிரதி வாங்கிச் சோதியுங்கள். "இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பத்தியை அப்படியே தா" என்று கேளுங்கள். உங்கள் வரிகள் வரிசையாக வந்தால், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, பிறகு பதிப்பகத்துக்கு எழுதுங்கள். முதலில் கடிதம் போனால் வசதி சத்தமில்லாமல் மாறிவிடும், ஆதாரம் போய்விடும். நூலின் உரை எந்த ஏஐ மாதிரியின் பயிற்சிக்காவது போனதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

புதிய ஒப்பந்தத்தில் 'இனி வரும் எல்லா வடிவங்களிலும்' என்ற தொடரை அடித்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பதில்: "மின்னூலாகக் காட்டவும் விற்கவும் மட்டுமே உரிமை. ஏஐ பயிற்சி, சுருக்கம், மொழிபெயர்ப்பு, செயற்கைக் குரல் ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரின் தனி எழுத்து அனுமதி வேண்டும்."