மூவாயிரம் யென்னும் வரப்புப் புல்லும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் நீகாட்டா மாகாணத்தின் மலையோரக் கிராமம் ஒன்றில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறேன். விடுதியில் இடம் இல்லாததால் ஊருக்குள் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தேன். சுற்றிலும் வயல். மக்கள் மரியாதையானவர்கள்தான். ஆனால் ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊரே கூடிப் புல் வெட்டியிருக்கிறது. நான் இரவுப் பணியில் இருந்ததால் போகவில்லை. அடுத்த வாரம் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொறுப்பாளரான ஹான்சோ வந்து, வராததற்கு மூவாயிரம் யென் என்று ரசீதை நீட்டினார். எனக்கு இங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. வெளிநாட்டான் என்பதால்தானே இதெல்லாம்? ஊர்ச்சங்கத்திலிருந்து விலகிவிடலாமா? குளிர்காலத்தை எப்படிச் சமாளிப்பது, மீன் சேராத சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

விலகலாம். சைதாமா மாகாணத்தின் அரசுக் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2005 ஏப்ரலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடியிருப்போர் சங்கம் விரும்பிச் சேரும் சங்கம், உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். ஆனால் பொது வசதிகளுக்கான கட்டணத்தை மட்டும் கட்டத்தான் வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

மீன் விஷயம் சுலபம். கொம்பு கடற்பாசியும் காய்ந்த ஷீத்தாகே காளானும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறினால் சூப்புக்கும் குழம்புக்கும் அடிப்படையான சாறு தயார். கடையில் வாங்கும் சாறுப் பொடி, நூடுல்ஸுக்கான மென்ட்சுயு குழம்பு இரண்டிலும் பெரும்பாலும் மாசிக் கருவாடு இருக்கும், பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

அந்த மூவாயிரம் யென்னுக்கு வருகிறேன். ஜப்பானியக் கிராமத்தைப் பற்றி வெளியாட்கள் எழுதுவதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு எரிச்சல். கோயில் வளைவு இருக்கும், பனி இருக்கும், பாட்டி ஊறவைத்த முள்ளங்கி இருக்கும், மௌனம் இருக்கும், தவறாமல் குனிந்து வணங்குதல் இருக்கும். புல் மட்டும் இருக்காது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் மே முதல் செப்டம்பர் வரை வாழ்க்கையே புல் வெட்டுவதுதான் என்பார்கள். ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி தாண்டியும் விடாமல் மழை, அதன்பின் முப்பது டிகிரிக்கு மேல் வெயில். வெட்டிய இடத்தில் ஒரு மாதத்தில் முழங்கால் உயரம் நிற்கும். மலையோர வயல் என்றால் படிக்கட்டு வயல், வயலுக்கு வயல் நடுவில் செங்குத்தான கரை. அந்தக் கரைகளை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மழித்தாக வேண்டும். மழிப்பவர்களோ எழுபது வயதுக்காரர்கள்.

நீங்கள் அதை ஊர் அழகுக்காகச் செய்யும் சடங்கு என்று நினைத்துவிட்டீர்கள். கோபம் அங்கேதான் வருகிறது எனக்கு. உங்களுக்கு வயல் இல்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் புல் இருக்கிறதா இல்லையா? அது பூத்து விதை பிடித்தால் அதில் காமேமுஷி பெருகும். நம் ஊர்க் கதிர் நாவாய்ப்பூச்சிக்குத் தூரத்து உறவு. நெற்கதிர் வரும்வரை புல்லின் கதிரில் குடியிருக்கும், நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் வயலுக்குள் போய் மணியில் ஊசி இறக்கி உறிஞ்சும். உறிஞ்சிய இடத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி விழும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஜப்பானில் அரிசியைத் தரம் பிரிக்கும்போது முதல் தரத்தில் நிறம் மாறிய மணி 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயிரத்தில் ஒன்று! இரண்டாம் தரத்துக்கு 0.3, மூன்றாம் தரத்துக்கு 0.7. ஆயிரம் மணியில் இரண்டு புள்ளி விழுந்தாலே தரம் இறங்கும், தரம் இறங்கினால் விலை இறங்கும். நிறம் பார்த்துப் பொறுக்கும் இயந்திரத்தில் ஓட்டிச் சரிசெய்யலாம், அதற்குத் தனிச் செலவு. கோஷிஹிகாரி அரிசியை நம்பிப் பிழைக்கும் ஊரில் உங்கள் கொல்லைப்புறம் பக்கத்து வயல்காரரின் வருமானத்தைத் தொடுகிறது என்பது இப்படித்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தப்பிப்போன வேலையை ஆகஸ்டில் செய்துவிடுகிறேன் என்று நல்லெண்ணத்தோடு கிளம்பிவிடாதீர்கள். நீகாட்டாவில் கோஷிஹிகாரி ஆகஸ்ட் தொடக்கத்தில் கதிர் விடும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, புல் பூப்பதற்குள், வரப்பையும் கரையையும் வெட்டி முடித்திருக்க வேண்டும். கதிர் வந்தபின் நினைத்த நேரத்தில் வெட்டினால் புல்லில் இருந்த பூச்சியை நீங்களே விரட்டி வயலுக்குள் அனுப்புகிறீர்கள். தேதி ரகத்துக்கு ரகம், ஊருக்கு ஊர் மாறும். விவசாயக் கூட்டுறவு அறிவிக்கும், வீடு வீடாகச் சுற்றும் காய்ரான்பான் என்ற அறிவிப்பு அட்டையில் வரும். அந்த அட்டையை முத்திரை குத்தி மூன்று நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளுகிறவர் நீங்கள் என்றால், அதற்கும் ஒரு திட்டு.

களைக்கொல்லி அடித்துவிட்டால் போகிறது என்று ஹோம் சென்டர் எனும் வீட்டுச் சாமான் கடைக்கும் ஓடாதீர்கள். வரப்பைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புல்லின் வேர்தான். வேர் செத்தால் அடுத்த பெருமழையில் கரை சரியும். ஒட்ட மழிக்கவும் வேண்டாம். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் அகன்ற இலைச் செடிகளின் குருத்து தப்பிக்கும், அவை பரவிப் பூச்சிக்குப் பிடித்த புல் வகைகளை அமுக்கிவிடும். மொட்டையடித்தால் புல்தான் முதலில் முளைக்கும்.

இரண்டாவது காரணம் வாய்க்கால். வெட்டிய புல் வாய்க்காலில் விழுந்தால் மிதந்துபோய்க் கீழே ஏதோ ஒரு மதகில் அடைக்கும். ஒருவர் வயலில் தண்ணீர் வழியும், அடுத்தவர் வயல் காயும். அதனால்தான் வெட்டுகிறவர்களுக்குச் சமமாக வாரிக் குவிக்கவும் ஆள் வேண்டும். வசந்தத்தில் நாற்று நடுவதற்கு முன் தூர் வாருவதும் இதே சங்கம், இதே கணக்கு. உங்கள் சொந்த ஊர் ஏரிப்பாசனம் என்றால் குடிமராமத்து என்று தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் வீட்டுக்கு ஓர் ஆள், வராதவரிடம் ஈடு வாங்கும் வழக்கம். 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று அதற்குச் சட்டமே போட்டார்கள். தாத்தா ஊரில் நியாயமாகப் பட்டது நீகாட்டாவில் இனவெறியாகத் தெரிகிறதா?

வெளிநாட்டார் என்று சொல்லி வாடகை வீடு மறுப்பது அங்கே நடக்கிறது, அது அவமானம், அதை எதிர்த்துப் பேசுங்கள். இது அதுவல்ல. வராத வீட்டிடம் வாங்கும் இந்தப் பணத்துக்கு தேபுசோகுகின் என்று பெயர். நகரத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையனும் கட்டுகிறான், ஆள் அனுப்ப முடியாத வீடும் கட்டுகிறது. சில ஊர்களில் முதியவர்களுக்கு விலக்கு உண்டு. பணம் ஹான்சோவின் பைக்குள் போவதில்லை. ஆண்டுக் கூட்டமான சோகாயில் வரவு செலவு வாசிப்பார்கள், தாளை வாங்கிப் பாருங்கள். வேலை நடக்கும்போது யாராவது உங்களைப் படம் எடுத்தால் முறைக்காதீர்கள். வரப்பையும் வாய்க்காலையும் பராமரிக்கும் ஊர்களுக்கு அரசு மானியம் தருகிறது, செய்ததற்குப் படம் காட்ட வேண்டும். மலைப்பகுதி விவசாயத்துக்கான நேரடி மானியம் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சில ஊர்களில் அந்தப் பணத்திலிருந்து வந்தவர்களுக்குக் கூலியும் கொடுக்கிறார்கள்.

இனி இயந்திரம். முதல் முறை அதை எடுக்காதீர்கள். கூன் அரிவாளும் மூங்கில் வாரியும் கொண்டுபோங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பழகிய பின் குசகாரிகி வாங்கலாம், நம் ஊர்ப் பிரஷ் கட்டர்தான். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று ஒட்டியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகி அன்றே முடிந்தது கதை. கலந்ததை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், கார்புரேட்டர் அடைக்கும். பருவம் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். பெட்ரோலை உலோகக் கேனில்தான் தருவார்கள், பங்க் ஊழியர்தான் நிரப்புவார். 2020 பிப்ரவரியிலிருந்து அடையாள அட்டையைப் பார்த்து, எதற்கு என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். உங்கள் வசிப்பிட அட்டையைக் காட்டிப் புல் வெட்ட என்று சொன்னால் போதும். அங்கேயும் வெளிநாட்டான் என்பதால் கேட்டார்கள் என்று எனக்கு எழுதிவிடாதீர்கள், எல்லோரிடமும் கேட்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் பிளேடு கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். ஆகவே வலமிருந்து இடமாக வீசும்போது மட்டும் வெட்டுங்கள், திரும்பி வரும் வீச்சில் வெட்டக் கூடாது. பிளேடின் இடது முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் இடம். வலது முன்பக்கம் கல்லிலோ கட்டையிலோ பட்டால் இயந்திரம் எகிறி வலப்பக்கம் அடிக்கும். சரிவில் மேடு உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும்படி குறுக்காக நடங்கள், வெட்டுப்பட்ட புல் இடப்பக்கம் பள்ளத்தில் தானாக விழும். ஒரே சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. பதினைந்து மீட்டர் இடைவெளி விடுங்கள். வேலை செய்கிறவரைப் பின்னாலிருந்து தொட்டுக் கூப்பிடவே கூடாது, சத்தத்தில் கேட்காமல் அப்படியே திரும்புவார். முன்பக்கமாகப் போய்க் கை காட்டி, இன்ஜினை நிறுத்திய பிறகு நெருங்குங்கள். தண்டில் சுற்றிய புல்லை எடுப்பதும் இன்ஜினை அணைத்த பிறகே. முகக் கவசமும் முழங்காலுக்குக் கீழே காப்பும் கட்டாயம். கல் தெறிக்காமல் இருக்கப் பிளேடுக்கு மேல் ஒரு தட்டு இருக்கும், புல் அடைக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு வெட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ளுங்கள், அதை மட்டும் வேண்டாம். தொடங்கும் முன் கரையை ஒருமுறை நடந்து பாருங்கள். கம்பி, டப்பா, கல், ஆகஸ்டுக்குப் பின் மண்ணுக்குள் சுசுமேபாச்சி குளவிக்கூடு.

இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வந்து இயந்திரத்தைத் தோளில் மாட்டினீர்கள் என்றால் உங்களைவிட முட்டாள் கிடையாது. பதினாறு மணி நேரம் முதியவர்களைத் தூக்கி இறக்கிய உடம்பு அது. அந்த வேலையின் கனம் எனக்குத் தெரியும் தம்பி, அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரியும். அவர்களின் அப்பா அம்மாவைத்தான் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆனால் நீங்கள் இரவுப் பணியில் இருந்தீர்கள் என்று ஹான்சோவுக்கு யார் சொன்னது? முன்கூட்டியே சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லையே. ஊர் வேலைகளின் ஆண்டுத் தேதிகள் பெரும்பாலும் வசந்தத்தில் நடக்கும் சோகாயிலேயே முடிவாகிவிடும். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். இல்லத்தில் அடுத்த மாதப் பணிப் பட்டியல் போடுவதற்கு முன்பே அந்த ஞாயிறுகளையும் முந்தைய இரவையும் விடுப்பாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஹான்சோவிடம் போய், வேறொரு நாளில் என் வீட்டுக்கு எதிரே உள்ள நீளத்தை நானே முடித்துவிடுகிறேன், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கேளுங்கள். சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். சம்மதிக்காவிட்டால் பணத்தைக் கட்டுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

குளிர்காலம் கேட்டிருந்தீர்கள். அதற்கும் சங்கம்தான். நீகாட்டாவின் பல ஊர்களில் தெருவோரம் மூடி போட்ட கால்வாய் ஓடும், ஓடும் தண்ணீரில் பனியைத் தள்ளிவிடுவதற்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளினால் அடைத்துக்கொண்டு தெருவில் பெருகும், அதனால் எந்த வரிசை எந்த மணிக்குத் தள்ளலாம் என்று முறை வைத்திருப்பார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று விசாரியுங்கள். கூரைப் பனியை இறக்குவது வீட்டுக்காரரா நீங்களா என்று வாடகை ஒப்பந்தத்தில் இப்போதே பாருங்கள். நீங்கள் என்றால் தனியாக ஏறவே கூடாது, கயிறு இல்லாமலும் ஏறக் கூடாது. ஒவ்வொரு குளிர்காலமும் அதில் ஆட்கள் சாகிறார்கள். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி போகும் என்று சொன்னால் படுக்கும் முன் குழாய்த் தண்ணீரை வடித்துவிடுங்கள். வடிக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பதை அக்டோபரிலேயே தேடி வையுங்கள், பனிக்கு அடியில் தேட முடியாது. அறையைச் சூடாக்கும் அடுப்புக்கான மண்ணெண்ணெய்க்குப் பதினெட்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன், உங்கள் பக்கம் சிவப்பு நிறம். புல்வெட்டியின் பெட்ரோல் கேனும் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். இரண்டையும் ஒரே கொட்டகையில் வைக்காதீர்கள். அடுப்பில் மாற்றி ஊற்றினால் வீடு எரியும்.